ஆடி அமாவாசையன்று காணாமல் போன கடல்

என் வீட்டுக்காரர் ஒரு கையில் பித்தளைச் செம்பும் மறு கையில் எள்ளுப் பொட்டலமுமாகக் கடற்கரைச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி. மேலே மகள் வாங்கிக் கொடுத்த, கழுத்துவரை இழுத்துப் பூட்டுகிற குளிர்ச்சட்டை. காலையிலிருந்து பெய்த மழை அப்போதுதான் விட்டிருந்தது.

"இந்தா, இங்க வா. கடலைக் காணோம்" என்றார்.

எதையாவது எங்கேயாவது வைத்துவிட்டு என்னைத் தேடச் சொல்வது அவருடைய பிறவிக்குணம். மூக்குக்கண்ணாடி, வண்டிச் சாவி, பல்செட்டு எல்லாம் தேடிக் கொடுத்திருக்கிறேன். கடலைத் தேடச் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

நானும் எட்டிப் பார்த்தேன். மெய்யாகவே காணோம்.

முந்தின நாள் சாயங்காலம் நாங்கள் வந்து இறங்கியபோது இதே சுவரில் அலை அறைந்து என் சேலையை முழங்கால்வரை நனைத்தது. இப்போது அந்த இடத்தில் ஈரமணல். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை மணல். நேற்று மிதந்துகொண்டிருந்த படகுகள் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தன. மழை விட்ட வானம் முழுவதும் அந்த ஈரத்தில் விழுந்து கிடந்தது. ஆட்கள் மேகத்தின் மேல் நடந்து போனார்கள். எல்லாவற்றுக்கும் அப்பால் நூல் பிடித்தாற்போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அதுதான் கடல் என்றால் நம்பத்தான் வேண்டும்.

அறுபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, இனி எதைப் பார்த்தும் வாய் பிளக்கமாட்டோம் என்றிருந்தேன். பிளந்தேன்.

மீன் வாங்கப் போகிற இடம்

இங்கிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்து, கோடைகாலம் என்று அவர்கள் சொல்கிற அந்தக் குளிரில் மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடந்ததைப் போன வாரம் எழுதியிருந்தேன். மகள் கவிதா அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் கவிதாவும், ஐந்து வயதுப் பேத்தி யாழினியும், நாங்கள் இரண்டு பேருமாகக் காரில் கிளம்பி ஒரு கடற்கரை ஊருக்கு வந்திருந்தோம்.

அந்த நாட்டில் பள்ளிக்கூடம் லீவு விட்டால் ஊரே கடற்கரைக்குப் போகிறது. நமக்குக் கடற்கரை என்றால் மீன் வாங்கப் போகிற இடம். நான் ஆவுடையார்கோவில் தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து மீமிசலுக்கு வாழ்க்கைப்பட்டவள். மீமிசலில் ஒருவன் கடலைப் பார்த்துச் சும்மா உட்கார்ந்திருந்தால், ஒன்று அவன் படகுக்குக் காத்திருப்பான். இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பான்.

இங்கே ஆயிரக்கணக்கான பேர் சண்டை போடாமலேயே உட்கார்ந்திருந்தார்கள். காற்று அடித்தது, மணலில் குச்சி நட்டுத் துணியால் தடுப்புக் கட்டினார்கள். தூறல் விழுந்தது, குடையைப் பிடித்துக்கொண்டார்கள். எழுந்து மட்டும் போகவில்லை. சுவரை ஒட்டி நீலமும் மஞ்சளுமாகச் சின்னச் சின்ன மரக்கூண்டுகள், நம் ஊர்ப் பெட்டிக்கடை அளவுக்கு. அதற்குள் நாற்காலி போட்டு, வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு, நாள் முழுக்கத் தேநீர் குடிக்கிறார்கள்.

"இவங்களுக்கெல்லாம் வேலவெட்டி இல்லையா?" என்று கேட்டார் இவர்.

"லீவுக்கு வந்திருக்காங்கம்மா. இதுதான் அவங்களுக்கு வேலைன்னு அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள் கவிதா.

காரில் அவள் முன் சீட்டில் இருந்தாலும், இவர் பக்கத்துச் சீட்டில் இருந்தாலும், பேச்செல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது. அதற்கு ஒரு கதை உண்டு.

தண்ணீர் விடுவது யார்?

என் மாமனார் மீமிசலில் மீன் ஏலம் விட்டவர். அவர் ஏலம் கூறினால் மெயின்ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் விலை தெரிந்துகொள்ளலாம். அவர் போன பிறகு ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் என் வீட்டுக்காரர் கடலில் முங்கி எழுந்து, தெற்கே பார்த்து நின்று, அப்பா பேரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுவார். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. ஐஸ் கம்பெனியில் மேனேஜராக இருந்தபோது எத்தனையோ கல்யாணம் காதுகுத்துக்கு வராமல் இருந்திருக்கிறார். இதை மட்டும் விட்டதில்லை.

எங்களுக்குக் கவிதா ஒரே பிள்ளை.

போன வருஷம் அவள் போனில், அங்கேயே வீடு வாங்கப் போவதாகவும், அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டிருப்பதாகவும் சொன்னாள். இவர் கேட்டார்.

"அப்ப எனக்கு யாரு தண்ணி விடுவா?"

"நான் விடுறேம்ப்பா."

"நீ அங்கிட்டுக் கெடப்ப. நான் இங்கிட்டுக் கெடப்பேன். எப்படி விடுவ?"

அவளுக்கும் அப்பனுடைய கோபம் அப்படியே இருக்கிறது. "பிளைட்டப் புடிச்சு வந்து விடுறேன், போதுமா?" என்று கேட்டுவிட்டாள். போன் வைக்கப்பட்டது. அன்றிலிருந்து இவர் "ஒன் மககிட்டச் சொல்லு", அவள் "அப்பாகிட்ட சொல்லுங்க". நடுவில் நான் தபால்காரி. பேத்தியைப் பார்க்கலாம் என்று நான் பிடித்த பிடிவாதத்தில்தான் இவர் விமானம் ஏறினார். பெட்டியில் தினசரிக் காலண்டரையும் கறுப்பு எள்ளையும் மறக்காமல் எடுத்து வைத்துக்கொண்டார்.

காலண்டரில் ஆடி அமாவாசை, நாங்கள் அந்தக் கடற்கரை ஊரில் இருக்கிற நாளிலேயே விழுந்தது. "எங்கப்பாவே பார்த்துக் கூட்டியாந்துட்டாரு" என்று இவர் முதல் முறையாகச் சிரித்தார்.

கழுதைக்கு உண்டு, நமக்கு இல்லை

முதல் நாள் சாயங்காலம் மகள் எங்களை ஊர் சுற்றிக் காட்டினாள். பார்த்ததையெல்லாம் சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும்.

தண்ணீர் எட்டாத மேட்டு மணலில் கழுதைகள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றின் மேலேறிக் கொஞ்சதூரம் போய்வரலாம். ஒவ்வொரு கழுதைக்கும் நெற்றிப்பட்டையில் அதன் பெயர். குளித்துச் சீவிவிட்ட கழுதைகள். மதியம் அவற்றுக்குச் சாப்பாட்டு இடைவேளை உண்டாம், வாரத்தில் ஒருநாள் லீவும் உண்டாம். தாலுகா ஆபீசில் ஜமாபந்திக் கணக்கு நடக்கிற சமயத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்த நாட்களை நினைத்துக்கொண்டேன்.

கடலுக்குள் நெடுந்தூரம் நீண்டு போகிறது ஒரு மரப்பாலம். பியர் என்கிறார்கள். பாலம் என்றால் அந்தப் பக்கம் ஓர் ஊர் இருக்கவேண்டும் அல்லவா? இதற்கு இல்லை. கடலின் நடுவில் போய் நின்றுவிடுகிறது. போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்காகவே அத்தனை மரத்தையும் இரும்பையும் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். பலகை இடுக்கில் பார்த்தால் காலுக்கடியில் பச்சைக் கடல் புரள்கிறது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் பார்வையை எடுக்க முடியவில்லை.

பாலத்தின் ஓரத்தில் பிள்ளைகள் நூலில் கறித்துண்டைக் கட்டி நண்டு பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாளி நிறைய நண்டு. இவர் ஆர்வமாகக் குனிந்து பார்த்தார். கொஞ்சநேரத்தில் ஒரு குடும்பம் அந்த வாளியை அப்படியே கடலில் கவிழ்த்துவிட்டுக் கைகழுவிக்கொண்டு போனது. இவர் பதறிவிட்டார்.

"ஏ, ஏ! கொழம்புக்கு ஆகுமேப்பா!"

அவர்களுக்குப் புரியவில்லை, நல்லவேளை. கையசைத்துவிட்டுப் போனார்கள். அந்த நண்டுகளை நினைத்து இவர் ராத்திரி படுக்கும்வரை ஆற்றமாட்டாமல் இருந்தார்.

வறுத்த மீனும் தடித்தடியான உருளைக்கிழங்கு வறுவலும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். நான் ஒன்றை எடுத்து வாய்க்குக் கொண்டுபோகுமுன் கோழி அளவு வெள்ளைப் பறவை ஒன்று கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. நம் காக்கைக்கு இருக்கிற கூச்சம் அதற்குக் கிடையாது.

கடலுக்கு டைம்டேபிள்

இவற்றையெல்லாம்விட என்னை மலைக்க வைத்தது ஒரு பலகை. கடற்கரைக்கு இறங்குகிற இடத்தில், இன்றைக்குக் கடல் எத்தனை மணிக்கு உள்ளே போகும், எத்தனை மணிக்குத் திரும்பி வரும் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். கடைகளில் வருஷம் முழுவதற்கும் அச்சடித்தே விற்கிறார்களாம்.

நான் சத்தமாகப் படித்துச் சொன்னேன். இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"புதுக்கோட்டை பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வாறதில்ல. கடல் வந்துருமாக்கும்!"

எங்கள் பக்கத்துக் கடலைப் பார்க்காதவர்களுக்கு இவர் சிரித்த காரணம் புரியாது. அது பெண் கடல் என்பார்கள். அலை அடங்கியிருக்கும். ஆழமும் கிடையாது. முங்க வேண்டுமென்றால் இடுப்பளவுத் தண்ணீர் கிடைக்கும்வரை நடந்துகொண்டே போகவேண்டியதுதான். வற்றமும் பெருக்கமும் உண்டு என்றாலும், கொஞ்சம் ஒதுங்கி நின்று கொஞ்சம் நெருங்கி வரும், அவ்வளவுதான். கரையில் கட்டிய படகு மறுநாளும் தண்ணீரில்தான் கிடக்கும். அதில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு, ஊரைவிட்டே போகிற கடல் ஒன்று உண்டென்று சொன்னால் நம்புவாரா?

அமாவாசை, பௌர்ணமியில் இந்தக் கடல் மற்ற நாளைவிட அதிகதூரம் உள்ளே போய், அதேபோல வேகமாகத் திரும்பும் என்றும் கவிதா சொல்லியிருந்தாள். எந்த நாளில் நாம் கடலைத் தேடிப் போகிறோமோ, அந்த நாளில் அது அத்தனை தூரம் விலகிப் போகிறது!

மறுநாள் மழை விட்டதும் யாழினியைக் கழுதைச் சவாரிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பிய கவிதா, வாசலில் நின்று சொன்னாள். "அம்மா, இப்ப தண்ணி இருக்காது. சாயந்தரம் சுவருக்கே வந்துரும், அப்ப முங்கலாம். அதுக்கு முன்னாடி உள்ள போக வேணாம்னு அப்பாகிட்ட சொல்லுங்க."

சொன்னேன்.

"கடல் எங்கிட்டுப் போயிரும்? நான் கடக்கரையில பொறந்தவன். ஒன் மகளுக்கு என்ன தெரியும்?" என்றார்.

ஒரு புள்ளி

கடலைக் காணோம் என்று திகைத்து நின்றவர், நான் அந்த வெள்ளைக் கோட்டைக் காட்டினதும் தெம்பாகிவிட்டார். "அந்தா இருக்குல்ல. ஒரு எட்டுப் போயிட்டு வாரேன்" என்று படியில் இறங்கினார். நான் கூப்பிடக் கூப்பிட நடந்தார்.

படுத்துக் கிடந்த படகுகளைத் தாண்டினார். மரப்பாலத்தின் கால்களெல்லாம் சிப்பி அப்பிக்கொண்டு அம்மணமாக நின்றன, அவற்றையும் தாண்டினார். வேட்டி மட்டும் தெரிந்தது. அப்புறம் அது ஒரு வெள்ளைப் புள்ளி ஆனது. அவர் போகப் போகக் கோடும் உள்ளே போனது. என் கண்ணால் பார்த்தேன். எத்தனை பெரிய வெளி, அதில் எத்தனை சின்ன மனிதர்! எனக்குப் பயம் வரவில்லை. கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறபோது வருகிற அமைதிதான் வந்தது. அதை நினைத்தால் இப்போது நடுங்குகிறது.

சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்து, அவருக்கும் எனக்கும் நடுவில், மணலில் ஒரு வாய்க்கால் மின்னுவதைப் பார்த்தேன். முன்பு அங்கே வாய்க்கால் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே அது அகலமாயிற்று. சத்தமே இல்லை, அலையும் இல்லை. பால் பொங்குகிற மாதிரி மணலுக்குள்ளிருந்தே தண்ணீர் எழுந்தது. கடல் அவருக்கு முன்னால் இருந்து வரவில்லை. பள்ளமான பக்கமாகச் சுற்றி, அவர் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அவரோ திரும்பிக்கூடப் பார்க்காமல் எதிரே பார்த்து நின்றார்.

"அப்பா!"

கழுதைச் சவாரி முடிந்து வந்த கவிதாவின் குரல் அது. பேத்தியை என் மடியில் தள்ளிவிட்டு, செருப்பை உதறி எறிந்துவிட்டு மணலில் ஓடினாள். மாமனாரின் தொண்டை அவளுக்கு வாய்த்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கடற்கரையே திரும்பிப் பார்த்தது. காவலுக்கு இருந்த மஞ்சளும் சிவப்புமாக உடுத்திய பெண் விசிலை ஊதிக்கொண்டு, நாலு சக்கர மோட்டார் வண்டியில் அவளைத் தாண்டிப் பறந்தாள்.

வாய்க்கால் ஓரத்தில் வண்டியை விட்டுவிட்டு அந்தப் பெண் தண்ணீரில் இறங்கினாள். அவளுக்கு இடுப்புக்கு மேல் ஏறியது. ஒரு கையில் இவரைப் பிடித்து இழுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தபோது, இவர் இன்னொரு கையால் எள்ளுப் பொட்டலம் போட்ட செம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். யாழினி என் மடியில் இருந்து, "தாத்தா குட் பாய்" என்று கைதட்டினாள். நான் குலதெய்வத்தைக் கூப்பிட்டதைத் தவிர வேறு பேச்சுப் பேசவில்லை.

"கிட்டப் போகப் போக"

காவல் பெண் இவரைத் துண்டில் சுற்றி உட்காரவைத்து, மரியாதையாகவே கண்டித்துவிட்டுப் போனாள். கவிதாவுக்கு அந்த மரியாதையெல்லாம் தோன்றவில்லை.

"ஒங்களுக்கு அறிவிருக்காப்பா? சொன்னேன்ல? ஒங்கள இங்க பறிகொடுக்கவா கூட்டியாந்தேன்?"

இவர் என் பக்கம் திரும்பி, "அவகிட்டச் சொல்லு..." என்று ஆரம்பித்தார்.

"எங்கிட்டயே சொல்லுங்க!" என்று கத்தினாள். அப்புறம் அழுதுவிட்டாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு இவர் மகள் முகத்தைப் பார்த்தார். குளிரில் இவர் உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"கணுக்காலுக்கு மேல தண்ணி கெடைக்கலத்தா. நான் கிட்டப் போகப் போக அங்கிட்டுப் போவுது. அப்பா எம்மேல கோவமா இருக்காருபோல. பெத்த மகளோட பேசாம இருக்கிறவன் கையால தண்ணி வேணாம்னு நெனச்சுட்டாரு."

நான் அவரைக் கல்யாணம் செய்த நாளிலிருந்து அவர் அப்படி உடைந்து பேசிக் கேட்டதில்லை.

கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரிலிருந்து இறங்குகிற கல்படிகளில் பாசி படர்ந்த ஒரு படியைக் காட்டினாள். "தாத்தா கோவப்படலப்பா. இதுக்குப் போற நேரம் இருக்கு, வார நேரம் இருக்கு. நீங்க தேடிப் போக வேணாம். இங்ஙனயே உக்காருங்க. இந்தப் படிக்கு வரும்."

"வருமா?"

"வரும்."

வேட்டியை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து வெறும் வயிறு. அமாவாசைத் தண்ணீரை உச்சிப்பொழுதுக்குள் விடவேண்டும், இவ்வளவு நேரம் கழித்து விடலாமா என்று கேட்பார் என நினைத்தேன். கேட்கவில்லை. மகள் சொன்ன படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வந்தது

அதற்குப் பிறகு நான் பார்த்ததை எப்படிச் சொல்வது? அவ்வளவு பெரிய வெளியைக் கடல் அவசரமில்லாமல் சுருட்டிக்கொண்டு வந்தது. முதலில் வெள்ளைக்கோடு தடித்தது. அப்புறம் இரைச்சல் கேட்டது. வானம் படிந்து கிடந்த ஈரமணல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. பாலத்தின் கால்கள் மறைந்தன. படுத்துக் கிடந்த படகுகளில் ஒன்று அசைந்தது, ஒன்று முனகியது, பிறகு ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. மனிதர்கள் குச்சியையும் துணியையும் பிடுங்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். யாழினி கட்டிய மணல் கோட்டையை ஒரே நக்கில் எடுத்துக்கொண்டது. அவள் அழாமல் "பை பை" சொன்னாள்.

எங்கள் ஊராக இருந்தால் விளக்கு வைக்கிற நேரம் தாண்டியிருக்கும். அங்கே சூரியன் இறங்க மனமில்லாமல் நின்றான். கடல் கீழ்ப்படியைத் தொட்டது. அடுத்த படி. அடுத்தது. பலகையில் எழுதியிருந்த நேரத்துக்கு, பாசிப் படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் இரண்டு பாதங்களையும் தண்ணீர் மூடியது.

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

இரும்புக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இடுப்பளவுக்கு இறங்கி முங்கினார். பாதி ஆயுளை ஐஸ் கம்பெனியில் கழித்த மனிதர், ஐயோ என்று அலறிக்கொண்டு எழுந்தார். கவிதா போனில் பார்த்துத் தெற்குத் திசையைக் காட்டினாள். எள்ளைக் கையில் வைத்து, செம்பிலிருந்து தண்ணீர் வார்த்து, அப்பா பேரை வாய்விட்டுச் சொன்னார். கறுப்பு எள் கொஞ்சநேரம் அவரைச் சுற்றி மிதந்துவிட்டுப் போயிற்று.

முடித்ததும் மேலே ஏறி வரவில்லை. தண்ணீரில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏத்தா, கவிதா."

"என்னப்பா? மேல வாங்க, குளிரு."

"வீடு வாங்குறேன்னியே, வாங்கிக்க."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா, வருசா வருசம் பிளைட்டப் புடிச்சு மீமிசலுக்கு ஓடியாற வேணாம். இந்தப் படியில வந்து நில்லு. பலகையில நேரம்தான் போட்டிருக்கான்ல?" பல் கிட்டித்தது அவருக்கு. "நான் வந்துருவேன்."

கவிதா உடுத்தியிருந்த உடுப்போடு ஒவ்வொரு படியாக இறங்கிப் போய், அந்தக் குளிர்ந்த தண்ணீரில் அவள் அப்பா பக்கத்தில் நின்றாள்.